கண்ணாடிக்குள் ஒரு கடல்

புத்தளம் மாவட்டத்தின் மேற்கே நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அதற்கு அப்பால் கடலடியில் 'பார் றீவ்' என்னும் முருகைக்கற் பாறைத் தொடர் அமைந்துள்ளது. இக்கடலில் பிடிபடும் வண்ண மீன்கள் அயல்நாட்டு இல்லங்களின் கண்ணாடித் தொட்டிகளை அணிசெய்யச் செல்கின்றன. எந்த மீன் அத்தொட்டியில் வாழும், எந்த மீன் மடியும் என்னும் அறிவோ எளிதில் கிட்டியதன்று.

கடலை வீட்டுக்குள் கொணரும் ஆசை இங்கிலாந்திலே வலுப்பெற்றது. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையறிஞர் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதனைப் படித்தோர் கூடைகளுடன் கடற்கரைக்கு விரைந்தனர். பாறைக் குட்டைகள் வெறுமையாயின. தந்தை மூட்டிய ஆர்வமே அக்கரையை அழித்ததை, மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட நூலில் வருத்தத்துடன் எழுதினார்.

பிடித்த உயிர்களைக் காப்பதும் அரிதாயிருந்தது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு தோன்றும். மணலிலும் கல்லிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். அவை பெருகச் சில வாரங்கள் வேண்டும். அதற்கு முன் மீனை விடுவோர் அதனை நஞ்சிலே விடுகின்றனர். இந்தோனேசியரான லீ சின் எங், உயிர்கள் படிந்த கடற்கற்களையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியைத் தூய்மையாக வைக்கும் முறையை 1961இல் உலகுக்கு எடுத்துரைத்தார்.

ஆகவே முதலில் வேண்டுவன கருவிகளே: நீரின் உவர்ப்பை அளக்கும் மானி, வெப்பமானி, காற்றுப் பம்பி, வடிகட்டி. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகுந்தோறும் உவர்ப்பு மிகுமாதலால், குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்றுதல் வேண்டும்.

அதன் பின்னரே மீன் தெரிவு. கோமாளி மீன் சிறு தொட்டிக்கும் இசைந்துபோகும். சிங்கமீன் தன் வாய்க்கடங்கும் தோழரை விழுங்கிவிடும். கலவாய் மீன் குஞ்சாயிருக்கையில் அழகியது. வளர்ந்தபின் தொட்டி கொள்ளாது. வண்ணாத்திப்பூச்சி மீன்களிற் சில வகைகள் உயிருள்ள முருகையையே மேய்வன; தொட்டியில் எவ்வுணவை இட்டாலும் பெரும்பாலும் பட்டினியால் மடிவன.

இவ்வுண்மையைக் கற்பிட்டிக் கடலே பின்னர் மெய்ப்பித்தது. பார் றீவ் 1992இல் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் 1998இல் கடல்நீர் வெப்பமுற்றபோது, ஆழங்குறைந்த பகுதிகளின் முருகைகள் வெளிறி, ஏறத்தாழ முற்றாக மடிந்தன. முருகையை நம்பி வாழ்ந்த வண்ணாத்திப்பூச்சி மீன்களும் அருகின. சரணாலயத்தின் எல்லைக்கோடு வலைக்குத் தடையாகலாம், வெப்பத்துக்குத் தடையாகாது.

இத்தகைய கடலிலிருந்து ஒரு மீனை எடுப்பவரின் பொறுப்பு பெரிது. கொஸ் காலத்து மக்கள் அழகை மட்டும் நோக்கினர். அவர்தம் கரை வெறுமையாயிற்று. வாங்குமுன் இம்மீன் எதை உண்ணும், எவ்வளவு வளரும், எவருடன் ஒத்து வாழும் என்று வினவுபவர், தம் தொட்டியோடு கற்பிட்டிக் கடலையும் காப்பவராவர். வாழாத மீனை வாங்குவார் இல்லையெனில், அதனைப் பிடிப்பாரும் இல்லை.