அந்தப் பட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

ஐம்பதாம் ஆண்டு மலருக்காக உறுப்பினர் வீடுகளில் பழைய படங்கள் கேட்டோம். திருமணப் படங்களுக்கு அடுத்தபடியாகப் பட்டமளிப்புப் படங்களே வந்தன. அவற்றில் பலவற்றில் அங்கி அணிந்து நிற்பவருக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். பகலில் வேலை, இரவில் படிப்பு என்று வாங்கிய பட்டங்கள். அவற்றுக்கான பணம் வந்த வழியையும் எழுதிவைக்க வேண்டும் என்று எண்ணினோம்.

பினாங்கில் இந்தக் கதை 1971இல் தொடங்குகிறது. 1969இல் பிறந்த அறிவியல் பல்கலைக்கழகம் அந்த ஆண்டில் தொலைதூரப் படிப்பை ஆரம்பித்தது. ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வேலையை விடாமல் படிக்க வழி பிறந்தது. ஆனால் இறுதி ஆண்டை மட்டும் வளாகத்தில் முழுநேரமாகப் படிக்க வேண்டியிருந்தது. பள்ளி ஆசிரியர் என்றால் விடுப்புக் கேட்க ஓர் இலாகா உண்டு. சூலியா ஸ்திரீட் கடையில் கணக்கெழுதியவருக்கு விடுப்பு என்றால் வேலை போயிற்று என்றே பொருள். கட்டணத்தைவிட, அந்த ஓராண்டின் வீட்டு வாடகையும் அரிசியும்தான் அவர்களை மலைக்க வைத்தன.

வங்கியில் வாங்கியிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். வட்டியில்லா வங்கி இந்நாட்டுக்கு வந்தது 1983இல்தான். பஜாக் கடையிலும் வட்டிதான். வட்டிக்கு வைக்காமல் அடகு பிடிக்கும் ரஹ்னு முறை 1992இல் திரங்கானுவில் தொடங்கி, பிறகே மற்ற மாநிலங்களுக்குப் பரவியது. அதற்கு முன் மார்க்கத்துக்கு அஞ்சியவர்கள் நகையை அடகு வைக்கவில்லை, விற்றார்கள். "படிச்சு முடிச்சதும் வாங்கிக்கலாம்" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்த வளையல்கள் பல வீடுகளில் திரும்பி வரவேயில்லை.

பெண்கள் மாதக் கூட்டும் கட்டினார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக் கூடாதென்று சட்டம் வந்ததும் அதே 1971இல்தான். எங்கள் தாய்மார்கள் அதைத் தொழிலாகச் செய்யவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்!

சங்கத்தில் அப்போது கல்வி நிதி என்று ஒன்றும் கிடையாது. ஜும்ஆ முடிந்து நாலைந்து பேர் ஒதுங்கி நின்று பேசுவார்கள். மறுவாரம் ஓர் உறை கைமாறும். கொடுத்ததை மட்டும் திரும்பப் பெறும் கர்ளன் ஹஸனா. ரசீது கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்த காலம். அதனால் வந்த மனவருத்தங்களும் உண்டு. திரும்பாத தொகைக்காகப் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. விழா மலரில் இதை எழுதலாமா என்று எங்களுக்குள் விவாதம் நடந்தது. நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது என்று முடிவு செய்தோம்.

1997இல் பிடிபிடிஎன் கடன் வந்தது. அதன் நிர்வாகக் கட்டணம் வட்டியா இல்லையா என்று நம் வீடுகளில் நடந்த வாதங்கள் கொஞ்சமல்ல. 2008இல் 1 விழுக்காடு உஜ்ரா முறை வந்த பிறகே பலர் நிம்மதியாகக் கையெழுத்திட்டனர். இதற்கிடையே 2000இல் மலேசியத் திறந்த பல்கலைக்கழகம் உருவாகி, வார இறுதி வகுப்புகள் வந்தன. ஊழியர் சேம நிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கவும் முடிந்தது. அது கடனல்ல, நம் சொந்தப் பணம். ஆனால் எடுத்தது முதுமைக்கென்று சேர்த்ததில் ஒரு பங்கு என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

தட்டச்சு வேலை பார்த்துவந்த சகோதரி ஒருவர், கணவரின் இறுதி ஆண்டுக்காகத் தம் வளையல்களை விற்றவர். தமக்கு ஐம்பது வயதானபோது படிக்க விரும்பினார். பிடிபிடிஎன் கடனுக்கு வயது வரம்பு 45. ஆகவே இரண்டாம் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினார். அவர் அனுப்பிய படத்தில், கணவர் குனிந்து அவருடைய அங்கியைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.