தவறாகச் சேர்ந்த கோப்பை நீக்குதல்: பதிப்புக் கட்டுப்பாட்டு வரலாறு

கடவுச்சொல் உள்ள கோப்பொன்றைத் தவறுதலாகக் கமிட் செய்தால் அதை நீக்கும் முறை காலந்தோறும் மாறிவந்துள்ளது. 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் தொடங்கிய எஸ்சிசிஎஸ் மென்பொருளில், கடைசித் திருத்தத்தை நீக்க ‘ஆர்எம்டெல்’ என்ற ஒரே கட்டளை போதும். 2000இல் தொடங்கிய சப்வெர்ஷனிலோ பழைய பதிவுகள் நிலையானவை. நிர்வாகி களஞ்சியம் முழுவதையும் வெளியே எடுத்து, வடிகட்டி, மீண்டும் ஏற்ற வேண்டும்.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட்டில் சிக்கல் வேறு வகையானது. ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் முந்தைய கமிட்டின் எண்ணையும் சேர்த்தே கணிக்கப்படுகிறது. எனவே ஒரு கோப்பை வரலாற்றிலிருந்து எடுத்தால், அது சேர்ந்த இடத்திலிருந்து எல்லா எண்களும் மாறும். ‘ரிவெர்ட்’ கட்டளை புதிய கமிட்டைச் சேர்க்குமே தவிர பழையதை அழிக்காது; பலர் ஏமாறுவது இங்கேதான். ‘ஃபில்டர்-ரெப்போ’ கருவி வரலாற்றையே திருத்தி எழுதினாலும், பிறர் ஏற்கெனவே எடுத்த நகல்களில் கோப்பு அப்படியே இருக்கும். அந்நிலையில் கடவுச்சொல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.