மெட்ராஸுக்கு வந்த மார்மன்களும் காந்தி தாத்தாவின் ஞானஸ்நானமும்

மகாத்மா காந்தி இறந்து 48 வருஷம் கழிச்சு அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்டாங்க. ஜோக் இல்லை. 1996 மார்ச்சில், பிரேசில் நாட்டு சாவோ பாவ்லோ நகரத்தில் இருக்கிற மார்மன் கோயிலில் இது நடந்ததாக அவங்க பதிவேட்டிலேயே இருந்ததுன்னு 2012ல் செய்தி வெளியானது. கண்டுபிடிச்சுச் சொன்னவர் ஹெலன் ராட்கி. ஒரு காலத்தில் அதே சபையில் இருந்து வெளியே வந்தவர். இந்து அமைப்புக்காரர்கள் கண்டனம் தெரிவிச்சாங்க, நாலு நாள் பரபரப்பு, அப்புறம் எல்லாரும் மறந்தாச்சு.

எனக்கு மறக்கலை. மதம் மாற்றுவதைப் பற்றி வாழ்நாள் முழுக்க மிஷனரிகளோட வாதாடின மனுஷர் காந்தி. அவர் பதில் சொல்ல முடியாத காலத்தில் அவர் பேரில் யாரோ ஒருத்தர் தண்ணியில் முங்கி எழுந்திருக்கார். அதைச் செஞ்சவங்க எதிரிகளும் இல்லை, அவர் மேல் பிரியம் வெச்சுத்தான் செஞ்சாங்க. இந்த முரண்பாட்டைப் பிடிச்சுக்கிட்டே மார்மன்களோட சரித்திரத்தைப் படிக்க ஆரம்பிச்சேன். பார்த்தா, அது நம்ம மெட்ராஸ் வழியா, நம்ம அறநிலையத்துறை வழியா எல்லாம் போகுது.

முதல்ல சுருக்கமா ஒரு அறிமுகம். 1830ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்கிற இருபத்து நாலு வயசுப் பையன், தேவதூதன் காட்டின பொன் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்தேன்னு சொல்லி ஒரு வேத புத்தகம் வெளியிட்டார். மார்மன் புத்தகம். பைபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு வேதம்னா மற்ற கிறிஸ்தவர்கள் சும்மா இருப்பாங்களா? ஊர் ஊரா விரட்டினாங்க. 1844ல் சிறைக்குள்ளேயே கும்பல் புகுந்து அவரைச் சுட்டுக் கொன்னது. மிச்சம் இருந்தவங்க பிரிகாம் யங் தலைமையில் யூட்டா பாலைவனத்துக்குப் போய்க் குடியேறினாங்க. (சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன்னு கூப்பிடாதீங்கன்னு 2018லேயே அவங்க தலைவர் கேட்டுக்கிட்டார். இந்தச் சரித்திரம் முழுக்க அந்தப் பேரில்தான் பதிவாகியிருக்கு, அதனால் மன்னிச்சுக்குங்க.)

1852 ஆகஸ்ட்டில் யூட்டாவில் ஒரு மாநாடு. அதில் ரெண்டு விஷயம் நடந்தது. ஒண்ணு, ஒருத்தர் பல பெண்களை மணப்பது தங்கள் மதக் கொள்கைதான்னு முதல்முறையா பகிரங்கமா அறிவிச்சாங்க. ரெண்டு, உலகம் முழுக்க ஊழியக்காரர்களை அனுப்பினாங்க, அதில் இந்தியாவும் உண்டு. இந்த ரெண்டையும் ஒரே மாநாட்டில் பண்ணினது யார் ஐடியாவோ! அப்படிக் கிளம்பினவங்க கப்பல் ஏறி 1853 ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினாங்க. அங்கேயிருந்து ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் மூணு பேரும் மெட்ராஸுக்கு.

பாலன்டைன் ஸ்காட்லாந்துக்காரர். சால்ட் லேக் சிட்டியில் 1849ல் தன் வீட்டிலேயே சபையின் முதல் ஞாயிறு பள்ளியை ஆரம்பிச்சவர். மெட்ராஸ் வந்தபோது அவர் கையில் காசு கிடையாது. பணப்பை இல்லாமல் போய் ஊழியம் பண்ணணும் என்பது அவங்க விதி. ஊரில் இருந்த பத்திரிகைகளும் பாதிரிமார்களும் எதிர்த்து எழுதினாங்க. பதில் சொல்லணுமேன்னு இவர் மெட்ராஸிலேயே ஒரு மாதப் பத்திரிகையை ஆரம்பிச்சு நடத்தினார். இன்னிக்கு நாம பண்ற வேலையை அன்னிக்கு அச்சுக்கூடம் வெச்சு பண்ணியிருக்கார் மனுஷன் :-)

ஒண்ணும் நடக்கலை. சேர்ந்தவங்க மிகச் சொற்பம். அடுத்த வருஷமே, 1854ல், பாலன்டைன் லண்டனுக்குக் கப்பல் ஏறிட்டார்.

ஏன் எடுபடலை என்பதுதான் சுவாரஸ்யம். அவங்க பிரசங்கம் பெரும்பாலும் இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்குத்தான், அதாவது வெள்ளைக்காரங்க, சிப்பாய்கள், அவங்க குடும்பங்கள். பலதார மணச் செய்தி காதில் விழுந்ததும் அவங்க கதவைச் சாத்திட்டாங்க. அதே காலத்தில் அதே மாகாணத்தில் ரெண்டு பெண்டாட்டி கட்டின மிராசுதாருக்கும் ஜமீனுக்கும் பஞ்சமே இல்லை. 1855ல் இறந்த தஞ்சாவூர் ராஜா சிவாஜிக்கு ராணிகள் பல பேர். கும்பினி அதை எல்லாம் உள்ளூர் வழக்கம்னு விட்டுட்டது. கறுப்பர்கள் பண்ணினா வழக்கம், வெள்ளைக்காரன் பண்ணினா அசிங்கம்!

நான் சும்மா சொல்லலை. அமெரிக்க உச்ச நீதிமன்றமே கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுச்சு. பிரிகாம் யங்கின் செயலாளர் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் மீது ரெண்டாவது கல்யாணம் பண்ணினதுக்கு வழக்கு, 1879ல் தீர்ப்பு. பலதார மணம் ஐரோப்பியர்களுக்கு அருவருப்பானது, மார்மன்கள் வரும்வரை ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது என்கிற பொருளில் அதில் எழுதினாங்க. மதத்துக்காகன்னு சொல்லி ஒரு பெண் கணவன் சிதையில் ஏறினா அரசாங்கம் தடுக்காம இருக்குமான்னும் கேட்டாங்க. ஆக, மார்மன்கள் மேல் அமெரிக்காவுக்கு இருந்த கோபத்தில் ஒரு பங்கு, அவங்க நம்மள மாதிரி ஆயிட்டாங்களே என்கிற கோபம்.

அடுத்த வழக்கு இன்னும் மோசம். இடாஹோவில் சாமுவேல் டேவிஸ் என்பவர் பலதார மணம் செய்தார்னுகூடக் குற்றச்சாட்டு இல்லை. அதைப் போதிக்கிற சபையில் உறுப்பினரா இருந்துக்கிட்டு, இல்லைன்னு சத்தியம் பண்ணி வாக்காளரா பதிஞ்சார், அவ்வளவுதான் குற்றம். 1890ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செஞ்சது. மதம் என்பது கடவுளுக்கும் மனுஷனுக்கும் உள்ள உறவைப் பற்றிய ஒருத்தரோட கருத்து. வழிபாட்டு வடிவம், சடங்கு எல்லாம் வேற, அதைப் போட்டுக் குழப்பிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு. அதே வருஷம் சபையும் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவிச்சது.

இடாஹோ எங்கே, நம்ம ஊர் எங்கே? 1951ல் மெட்ராஸ் அரசு இந்து அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது. உடுப்பி பக்கத்து ஷிரூர் மடம் (தென் கன்னடம் அப்போ மெட்ராஸ் ராஜ்யத்தில்தான் இருந்தது) எதிர்த்துப் போய், 1954ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதில் நீதிபதி பி.கே. முகர்ஜியா எடுத்துக்கிட்டு மறுக்கிற விளக்கம் எதுன்னு நினைக்கிறீங்க? அந்த டேவிஸ் வழக்கின் விளக்கம். (தீர்ப்பில் பீஸன் என்ற பெயர் பென்சன் என்று விழுந்திருக்கும்.) மதம் வெறும் கருத்து இல்லை, சடங்கும் வழிபாட்டு முறையும், ஏன், உணவும் உடையும்கூட அதன் பகுதியா இருக்கலாம்னு முகர்ஜியா எழுதினார். அர்ச்சகர் நியமனத்திலிருந்து சபரிமலை வரைக்கும் எல்லா வழக்கிலும் அந்தத் தீர்ப்பை இழுக்காத வக்கீல் கிடையாது. மார்மன்களை அடக்கப் பிறந்த ஒரு விளக்கத்தை மறுத்துத்தான் நம்ம கோயில் சட்டம் உருவாச்சு.

எனக்கு முகர்ஜியா சொன்னதுதான் சரின்னு படுது. ஜனங்க கோபப்படுற இடத்தைப் பாருங்க. பொன் தகடு கதையைக் கேட்டு யாரும் சண்டைக்கு வர்றதில்லை, சிரிச்சுட்டுப் போவாங்க. டீ, காபி கூடாது என்கிற விதியும் அப்படித்தான். எங்க மண்ணூர் பக்கம் ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குறவன்கிட்ட போய் டீ குடிக்காதேன்னு சொல்லிப் பாருங்க, மதம் மாறுற பேச்சு அங்கேயே முடிஞ்சுது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் கொடுப்பதும் கொடுக்கிறவன் பாடு. ஆனா அவங்க கோயிலுக்குள்ள நடக்கிற கல்யாணத்தை எடுத்துக்குங்க. சபையின் தகுதிச் சீட்டு வெச்சிருந்தால்தான் உள்ளே போகலாம். பெத்த அம்மா அப்பாவே ஆனாலும் சீட்டு இல்லைன்னா வெளியேதான். அமெரிக்காவில், எல்லாரும் பார்க்க வெளியே ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டா கோயில் சடங்குக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்னு விதி வேற. அதை 2019ல்தான் எடுத்தாங்க. தாலி கட்டும்போது பெத்தவங்க வாசலில் நிக்கிறதை நினைச்சுப் பாருங்க.

எங்க பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுஜர். ரகசியமா வெச்சுக்கோன்னு குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. அந்தக் கதை கேட்டு வளர்ந்தவங்களுக்குக் கோயில் கதவைச் சாத்திக்கிறது கோபம் வரவைக்கும். ஆனா 1939 வரைக்கும் மதுரை மீனாட்சி கோயில் வாசலில் யாரை நிறுத்தி வெச்சிருந்தோம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இப்போ காந்திக்கு வருவோம். ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் ஆல்வின் 1823ல் சின்ன வயசிலேயே இறந்துட்டார், ஞானஸ்நானம் வாங்காமல். அடக்கத்தின்போது பிரசங்கம் பண்ணின பாதிரியார், இவன் போற இடம் நரகம்தான்னு புரியும்படி பேசினார் என்று குடும்பத்தில் ஒருத்தர் பின்னாடி சொல்லியிருக்கார். இறந்தவங்களுக்காக உயிரோடு இருக்கிறவங்க ஞானஸ்நானம் வாங்கலாம்னு 1840ல் ஸ்மித் அறிவிச்சப்போ அந்த அண்ணன் மனசில் இல்லாம இருந்திருக்க மாட்டார். அதனால்தான் அவங்களுக்கு வம்சாவளி மேல் அப்படி ஒரு வெறி. ஹரித்வார் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையா எழுதி வெச்ச குடும்ப நோட்டுகளைக்கூட மைக்ரோபிலிம் எடுத்திருக்காங்க. இறந்தவர் விரும்பினா ஏத்துக்கலாம், இல்லைன்னா மறுக்கலாம், நாங்க வாய்ப்புதான் கொடுக்கிறோம் என்பது அவங்க விளக்கம்.

நமக்கு இது புரியாத விஷயமா? தர்ப்பணத்தின் கடைசியில், அப்பா அம்மா சொந்தம் யாருமே இல்லாமல் போனவங்களுக்கும் சேர்த்து ஒரு கை தண்ணி விடுவாங்க. அவங்க யார்கிட்டயும் அனுமதி கேட்டதில்லை. ஆனா நாம தண்ணி விடும்போது அவங்களை எந்த மதத்திலும் சேர்க்கிறதில்லை, நோட்டில் பேர் எழுதி வைக்கிறதும் இல்லை.

யூதர்கள் எதிர்த்தது இதைத்தான். யூதன் என்பதற்காகவே நாஜிக்கள் கொன்னவங்களை, செத்த பிறகு யூதன் இல்லைன்னு ஆக்கப் பார்க்கிறியான்னு கேட்டாங்க. 1995ல் ஒப்பந்தம் போட்டு சுமார் 3,80,000 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தாங்க. ஆனாலும் 2012ல் ஆன் பிராங்க் பேருக்கு மறுபடி நடந்தது, சைமன் வீசன்தாலின் பெற்றோருக்கும் நடந்தது. சபை மன்னிப்பு கேட்டது. சொந்த முன்னோர் பேரை மட்டும் கொடுங்கன்னு உறுப்பினர்களுக்கு உத்தரவு இருக்கு. பிறந்து 110 வருஷம் ஆகாத ஆளா இருந்தா நெருங்கின உறவினர் அனுமதி வேணும் என்றும் விதி இருக்கு.

காந்தி 1869. அந்த 110 எப்பவோ தாண்டியாச்சு, சொந்த முன்னோர் என்கிற விதி ஒண்ணுதான் மிச்சம். எங்க தாத்தா பிறந்தது 1936. 2046 வரைக்கும் எங்க அப்பா மாதிரி நெருங்கின உறவினரை ஒரு வார்த்தை கேட்டாகணும். பெங்களூரில் கோயில் கட்டப்போறதா 2018லேயே அறிவிச்சு, 2020ல் பூமி பூஜையும் (அவங்க பாணியில்) போட்டாச்சு. அப்பாகிட்ட சொன்னேன். "உங்க தாத்தா காலையில காபி இல்லாம கண்ணே தொறக்க மாட்டாரு, அவரை எங்கடா சேர்ப்பாங்க?"ன்னுட்டு ஆடி அமாவாசைக்கு எள்ளு வாங்கப் போயிட்டார்.