அடங்காத வால்வும் அதை அடக்கிய கலையும்

திருமண வீடுகளிலே ஒலிபெருக்கி திடீரென்று ஊளையிடுவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். பெருக்கப்பட்ட ஒலி மீண்டும் மைக்கினுள் புகுந்து, மறுபடி பெருக்கப்பட்டு, முடிவின்றிச் சுழல்வதன் விளைவே அது. இதே நோய் வானொலி வால்வையும் பற்றுவதுண்டு. ஆங்கே ஊளை செவிக்கு எட்டாது. கேடு மட்டும் நிகழும். அந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு சுவையானது.

1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், வால்வின் இழைக்கும் பிளேட்டுக்கும் இடையே கிரிட் என்னும் மூன்றாம் உறுப்பை அமைத்தார். கிரிட்டில் எழும் சிறு அழுத்தம் பிளேட்டின் பெரு மின்னோட்டத்தை ஆளலாயிற்று. ஆனால், ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரு உலோகங்கள் தாமே ஒரு கண்டென்சர் ஆகிவிடுமன்றோ? 211 என்னும் பழைய ஒலிபரப்பு வால்வில் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடைப்பட்ட கொள்ளளவு ஏறத்தாழ 14.5 பிகோஃபாரட். தாழ்ந்த அதிர்வெண்ணில் இது பொருட்டன்று. உயர்ந்த அதிர்வெண்ணிலோ பிளேட்டின் ஆற்றல் கிரிட்டுக்குத் திரும்ப இதுவே கள்ளவழி. இவ்வாறு ஆற்றல் திரும்புவதையே 1912இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வேண்டுமென்று பயன்படுத்தி, நலிந்த அலைகளையும் கேட்கச் செய்தார். அளவோடு நின்றால் வரம். அளவு மீறினால் சாபம்.

கள்ளவழியை அடைக்க இயலாது. ஆனால், அதன்வழி வருவதற்குச் சமமாகவும் எதிராகவும் மற்றோர் அழுத்தத்தைக் கிரிட்டுக்கு ஊட்டினால், தராசின் இரு தட்டுகள் போல் ஒன்றையொன்று அழித்துவிடும். இதுவே நடுநிலைப்படுத்தலின் தத்துவம். செஸ்டர் ரைஸ் இத்தகைய ஒரு முறைக்கு 1920இல் காப்புரிமை பெற்றார். ஸ்டீவன்ஸ் கல்லூரிப் பேராசிரியரான லூயி ஹேஸல்டைன் 1923இல் தம் 'நியூட்ரோடைன்' ஏற்பியை அறிவிக்கவே, ஊளையிடாத வானொலிப் பெட்டிகள் இல்லந்தோறும் புகுந்தன.

1926 அளவில் ஆல்பர்ட் ஹல் முதலியோர் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஸ்கிரீன் கிரிட் என்னும் திரையை இட்டனர். 1936இல் 807 வால்வும், 1952இல் 6146 வால்வும் அமெச்சூர்களின் கைக்கு வந்தன. 6146இல் அந்தக் கொள்ளளவு கால் பிகோஃபாரட்டுக்கும் குறைவு. இனித் தராசு எதற்கு என்று பலர் எண்ணினர். எண்ணம் பொய்த்தது. ஏனெனில், கள்ளவழி குறுகிய போதே வால்வின் பெருக்குந் திறன் வளர்ந்துவிட்டது. அரை வாட்டுக்கும் குறைந்த உந்துதலுக்கு ஐம்பது வாட்டுக்கு மேல் தரும் வால்வில், துளி திரும்பினாலும் போதும். 1959இல் வெளிவந்த காலின்ஸ் கே.டபிள்யூ.எம்-2 கருவியில் அத்தகைய வால்வுகள் இரண்டு இணையாக நின்றன. கொள்ளளவும் இரட்டித்தது, நடுநிலைப்படுத்தலும் இன்றியமையாததாயிற்று.

பழங்கருவியைப் புதுப்பிக்கும் ஆர்வலர் இன்றும் இக்கலையைக் கைக்கொள்கின்றனர். பிளேட், ஸ்கிரீன் இரண்டின் மின்சாரத்தையும் நீக்கி, கிரிட்டுக்கு மட்டும் அலையை ஊட்டுவர். அப்போதும் வெளிச்சுற்றில் ஆற்றல் தென்படுமாயின், அது கள்ளவழியே கசிந்ததேயாம். அக்கசிவு மிகக் குறையும் வரை நடுநிலைக் கண்டென்சரைச் சிறிது சிறிதாகத் திருப்புவர். பின்னர் மின்சாரம் தந்து, பிளேட் மின்னோட்டம் மிகக் குறையும் இடமும் கிரிட் மின்னோட்டம் மிகக் கூடும் இடமும் ஒன்றே எனத் தெளிவர். வால்வை மாற்றினால் இப்பணியை மீண்டும் செய்தல் வேண்டும். ஒரே எண் தாங்கிய வால்வுகளும் முற்றும் ஒத்தவை அல்ல. ஒன்றை மறத்தலாகாது: சுவிட்சை அணைத்த பின்னும் கண்டென்சரில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம். அதனைத் தரையோடு இணைத்துத் தீர்க்காமல் உள்ளே கைவைப்பவர் உயிரையே பணயம் வைக்கின்றார்.

இவ்வளவு பாடு எதற்கு? நடுநிலை தவறிய வால்வு தானே அலையத் தொடங்கும். பிளேட் செந்நிறமாய்க் கனன்று அழியும். அதனினும் பெருங்கேடு, உரிமம் அளித்த எல்லையைக் கடந்து அந்த அலை பிறர் செய்தியைக் குலைப்பது. அங்கே ஒரு கப்பல் உதவி கோரிக்கொண்டிருக்கலாம். வானவெளி எல்லோருக்கும் பொது. தன் கருவியை அடக்கத் தெரிந்தவனே அப்பொதுவெளியில் பேசும் தகுதி உடையவன்.