தீப்பெட்டி ஆபீசும் அக்கா தங்கையும்

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு மழையை நம்பியது. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. 1923-ல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் இங்கும் பரவி அந்த வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றியது.

விடியுமுன் ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும். அக்காவும் தங்கையும் தூக்கக் கலக்கத்தோடு ஏறுவார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. தங்கைக்குக் குறைந்தால் அக்கா கைகொடுப்பாள்.

1986-ம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிரம்பாதவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கத் தடை விதித்தது. ஆனால் குடும்பமாக வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு இருந்தது. எனவே பள்ளி விட்டு வந்த தங்கை, ராத்திரி அக்காவோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள்.

நண்பர்களே, தங்கை படித்தாள். அதற்கான கட்டணம் அக்காவின் படிப்பு. இதை வெறும் பாசம் என்று சொல்லிவிட்டுப் போகலாமா?