காலையில ஊருக்குள்ள போற பஸ்

காலை ஏழரைக்கு மட்டக்களப்பு டவுனில் வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், இருக்க இடம் கிடைக்காது. கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று கத்திக்கொண்டே வருவார். ஏறாவூரில் கொஞ்சப் பேர், செங்கலடியில் கொஞ்சப் பேர் இறங்குவார்கள். வந்தாறுமூலையில் "அண்ணன், கெம்பஸ் இறக்கம்!" என்று ஒரு குரல் வந்ததும் பாதி பஸ் காலி. விரிவுரையாளர், கிளாக், பெடியன், பெட்டை, கன்டீனில் வேலை செய்யிற அக்கா எல்லாரும் அதில் இருப்பார்கள்.

பாடப் புத்தகங்கள் சொல்லுகிற கதை இதற்கு நேர்மாறானது. நகரத்தில் வேலை குவியும், சனம் வெளியில் குடியிருக்கும், காலையில் எல்லாரும் நடுவுக்குப் பாய்வார்கள். லண்டனில் 1863இல் நிலத்துக்கடியில் ரயில் ஓடத் தொடங்கியதும் இந்த நெரிசலால்தான். எங்கட பக்கத்திலோ டவுனில் இருந்து ஊருக்கு வேலைக்கு வருகிறார்கள். இது எப்படி ஆனது என்று தேடியபோதுதான் எங்களுக்கு இந்தப் பஸ்ஸின் வரலாறு பிடிபட்டது.

ஒரு காலத்தில் இங்கேயும் புத்தகக் கதைதான். மட்டக்களப்பின் நடு புளியந்தீவு. கச்சேரி நெடுங்காலம் போர்த்துக்கேயர் கட்டி, பிறகு ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள் இருந்தது. உத்தியோகம், வழக்கு, காணிப் பத்திரம், எதுவென்றாலும் வாவியைக் கடக்க வேண்டும். தெற்கே எழுவான்கரை ஊர்களுக்கு 1924இல் கட்டிய கல்லடிப் பாலம் கைகொடுத்தது. லேடி மானிங் பேரில் கட்டியது, ஒரு வாகனம் மட்டும் போகிற அகலம். அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்திருக்க வேண்டும். 2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை இதே நிலைதான். படுவான்கரைக்காரருக்கு அதுவும் இல்லை, 'பாதை' தான். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே பாதை என்றால் வீதி இல்லை, ஆளையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை. மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை கொக்கட்டிச்சோலைச் சனம் அதில்தான் கடந்தது.

திசை மாறியது 1940களில். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தில் நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தபோது, அரசுப் பேரவை உறுப்பினர் வ. நல்லையாவின் முயற்சியால் ஒன்று வந்தாறுமூலைக்கு வந்தது. டவுனில் வைக்காமல் வேண்டுமென்றே கிராமத்தில் வைத்தார்கள். பிறகு 1956இல் வாழைச்சேனையில் கடதாசி ஆலை வைக்கோலையும் இலுக்குப் புல்லையும் அரைக்கத் தொடங்கியது.

இரண்டிலும் நாங்கள் கவனித்த ஒரு விசயம் உண்டு. பள்ளிக்கூடத்தோடு விடுதி, ஆலையோடு குவார்ட்டஸ். வேலையையும் படிப்பையும் ஊருக்குக் கொண்டுவந்த அரசு, தங்க இடத்தையும் சேர்த்தே யோசித்தது. தூரத்து வாகரைப் பிள்ளைக்குப் பஸ் தேவைப்படவில்லை, கட்டில்தான் தேவைப்பட்டது. 1958 ஜனவரி 1இல் பஸ்களை எல்லாம் அரசு எடுத்து இ.போ.ச. உருவானபோது, இந்த வீதியில் அதன் சுமை பெரிதாக இருந்திருக்காது என்பது எங்கள் ஊகம்.

1981 ஆகஸ்ட் 1 அன்று அதே மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். ஒரு பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஒரு சிறு நகரம் வளர்வதுதான் வழமை. பேராதனையில் அப்படி நடந்தது. இங்கே வளர விடவில்லை. 1990இல் சுற்றியிருந்த ஊர்ச் சனம் ஆயிரக்கணக்கில் இந்த வளாகத்துக்குள்தான் ஓடி வந்தது, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த பெரிய கட்டடம் அதுதான் என்பதால். அந்தச் செப்டெம்பர் 5இல் அவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. இப்போது நாங்கள் இறங்குகிற அதே தரிப்பிடத்தைத் தாண்டித்தான் அவர்கள் ஏற்றப்பட்ட வாகனங்கள் போயிருக்க வேண்டும்.

அதன் பிறகு சென்றியும் சோதனையும். 1928இல் வந்த கோச்சி பல வருசம் டவுன்வரை வரவேயில்லை. பதினாறு கிலோமீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். வந்தாறுமூலையில் காணி வாங்கி வீடு கட்ட யாருக்கு மனம் வரும்? உத்தியோகத்தர்கள் டவுனில் குடியிருந்து வந்துபோகப் பழகினார்கள். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

மாவட்டத்தின் சனத்தொகை 1981இல் சுமார் 330,000. 2012இல் 525,000ஐத் தாண்டியது. போரையும் சுனாமியையும் வெளிநாட்டுக்குப் போனவர்களையும் கழித்து வந்த கணக்கு இது. ஆனால் வீதியை நிறைத்தது சனத்தொகை மட்டும் இல்லை. வயலுக்குப் போகிறவன் சைக்கிளில் போவான், அல்லது வாடியில் தங்கிவிடுவான். எழுபதில் ஒரு வீட்டில் ஒருவர் சம்பளத்துக்குப் போனார் என்றால், இன்று தகப்பன் ஒரு பக்கம், மகள் ஆடைத் தொழிற்சாலைக்கு இன்னொரு பக்கம், மகன் ஏறாவூரில் ஃபோன் கடைக்கு. நாலு பேர், நாலு திசை, நாலு நேரம். ஒரே வீதியில் ஓடுகிற பஸ்ஸால் இதற்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால்தான் முற்றத்துக்கு முற்றம் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள். ஒரு காலத்தில் குவார்ட்டஸ் கட்டி அரசு சுமந்த செலவை இப்போது மாதத் தவணையாகக் குடும்பம் சுமக்கிறது.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது இது பளிச்சென்று தெரிந்தது. QR வந்து கிழமைக்குச் சில லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வேலை இருந்தது, வீடு இருந்தது, நடுவில் இருந்த தூரத்தைத்தான் கடக்க முடியவில்லை. எங்களில் ஒருத்தி செங்கலடியில் இருந்து நடந்தே வந்தாள். பின்னேரத்தில் பஸ் குறைந்துபோவதால், லைப்ரரியில் இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கலாமா என்று அவள் இப்போதும் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறாள். பெடியன்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு கடுமையாக இல்லை.

கெம்பஸுக்கு வடக்கே சந்திவெளி. அங்கே ஆற்றங்கரையில் இறங்கினால் திகிலிவெட்டைக்குத் தோணிதான். டவுனில் இருந்து வருகிற டீச்சர்மார் பஸ்ஸில் ஒன்று, தோணியில் ஒன்று என்று இரண்டு பயணம் செய்து பள்ளிக்கூடம் போகிறார்கள். மாரியில் ஆறு பெருகினால் முதலில் நிற்பது தோணி, அடுத்து நிற்பது பாடம். ஒரு காலை அங்கே நின்று பார்த்தோம். தோணியில் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஏற்றினார்கள். சேறு படாமல் இருக்க ஒரு டீச்சர் சாரியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொப்பிக் கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தா. "என்ன மனே, நீங்களும் அக்கரைக்கா?" என்று தோணிக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.