மும்பைத் தமிழர் என்றாலே ஏன் தாதா நினைவுக்கு வருகிறார்?

மும்பையில் தமிழர்கள் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்து வேலு நாயக்கர். அடுத்து, பா. ரஞ்சித்தின் 'காலா' (2018). இரண்டு கதையும் தாராவியில்தான் நடக்கின்றன.

ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். தாராவியில் தோல் பதனிட வந்த தொழிலாளர்கள், மாட்டுங்காவில் குடியேறிய அலுவலக ஊழியர்கள், செம்பூரின் நடுத்தரக் குடும்பங்கள் என்று இவர்களில் பல வகையினர் உண்டு. அப்படியிருக்க, தாதா மட்டும் ஏன் மனதில் நிற்கிறார்? பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன சில இலக்கியச் சொற்களை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

வகைமை என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், கதை சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே இருக்கும் எழுதாத ஒப்பந்தம். தாதா படம் என்றால் எழுச்சி, மோதல், வீழ்ச்சி இருக்கும் என்று தெரிந்தேதான் டிக்கெட் வாங்குகிறோம். தினமும் லோக்கல் ரயிலைப் பிடித்து ஆபீஸ் போகிறவருக்கு அந்தக் கதையில் இடமில்லை.

அவருக்கு நாவலில் இடம் கிடைத்தது. 1970-களில் வேலைக்காக பம்பாய் போன நாஞ்சில் நாடன், 'மிதவை' (1986) எழுதினார். அதன் நாயகன் சண்முகம், படித்துவிட்டு வேலை தேடி நாஞ்சில் நாட்டிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து பம்பாய்க்கும் போகிறவன். அவன் யாரையும் எதிர்த்து அடிப்பதில்லை. வேலை, சாப்பாடு, தங்க ஓரிடம். இவைதான் அவனுடைய போராட்டம்.

கதாபாத்திரம் எங்கே மாறுகிறது?

பொருள் தேடிப் பிரிந்து போவது தமிழுக்குப் புதிதல்ல. சங்க இலக்கியம் அதைப் பாலைத் திணையில் வைத்தது. ஆனால் அகப்பாடல் மரபில் தலைவனுக்குப் பெயர் கிடையாது. யாருக்கும் பொருந்துகிற பொது மனிதன் அவன். நாவல் அவனுக்குப் பெயர், சாதி, ஊர், சம்பளம் எல்லாம் கொடுத்துத் தனி மனிதனாக்குகிறது.

குறியீடு என்ன வேலை செய்கிறது?

தலைப்பையே பாருங்கள். மிதவை மூழ்காது, வேரும் விடாது. நாஞ்சில் நாடனின் இன்னொரு பம்பாய் நாவல் 'சதுரங்கக் குதிரை' (1993). சதுரங்கத்தில் குதிரை நேராகப் போகாது. கல்யாணம் ஆகாமலேயே வயது ஏறும் நாராயணனின் வாழ்க்கையும் அப்படித்தான். ஒரு பொருளைக் காட்டி ஒரு வாழ்க்கையை உணர்த்துவதுதான் குறியீடு.

நோக்குநிலை மாறினால்?

மேலே சொன்ன எல்லாமே ஆண்களின் கதைகள். மும்பையில் வசிக்கும் அம்பை, 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (2014) தொகுப்பில் துப்பறியும் கதை என்ற வகைமையைக் கையில் எடுத்தார். துப்பறிபவர் சுதா குப்தா என்ற பெண். துப்பறிபவருக்கு யார் வீட்டுக் கதவையும் தட்டலாம் என்ற வசதி உண்டு. அதனால், தாதா கதையில் பின்னணியாக நிற்கும் வீடுகள் இங்கே கதையின் மையத்துக்கு வருகின்றன.

இதெல்லாம் ஏன் முக்கியம்?

வெளியூர்க்காரர்கள் ஒரு சமூகத்தைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் கதைகள் வழியாகத்தான். ஒரே வகைமைக் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டால், 'தாராவி' என்று முகவரி சொல்லும் ஒரு பட்டதாரிப் பெண்ணைக்கூட அந்தப் படத்தை மனதில் வைத்துத்தான் பார்ப்பார்கள்.

எனவே அடுத்த முறை படமோ புத்தகமோ, மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன வகைமை? யாருடைய பார்வையில் நடக்கிறது? இந்த வகைமையில் யாருக்கு இடமே இல்லை? வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர் நீங்கள் என்றால் 'மிதவை'யில் தொடங்கலாம். த்ரில்லர் பிடிக்கும் என்றால் சுதா குப்தாவிடம் போங்கள்.